ஷட் டவுன் செய்தால் மறுநாள் எழாத தின் கிளையன்ட்: நெட்வொர்க் பூட் பழுது பார்க்க முழு வழிகாட்டி

ஏற்காட்டில் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேப். காலை ஒன்பது மணி ஆகியும் ஜன்னல் கண்ணாடியில் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அட்டெண்டர் அண்ணன் மேசைக்கு அடியில் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார். வரிசையாக 22 தின் கிளையன்ட்கள், அதாவது தனக்கென்று எதையும் சேமிக்காமல் சர்வரை நம்பி ஓடும் சின்னக் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றின் பிளக்கையும் பிடுங்குகிறார், வாய்க்குள் பத்து எண்ணுகிறார், மாட்டுகிறார், அடுத்ததற்குப் போகிறார்.

“எத்தனை நாளா இப்படிங்கண்ணா?”

“ஆச்சு தம்பி, ரெண்டு வருசம். சாயங்காலம் டீச்சர் ஆஃப் பண்ணிட்டுப் போயிருவாங்க. காலையில வந்து புடுங்கி மாட்டலைன்னா ஒண்ணும் எந்திரிக்காதுங்க.”

நான் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தது ஒரு பிரிண்டருக்காக. பிரிண்டர் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இந்தப் பழுதுக்கு மேலும் இரண்டு முறை மலை ஏற வேண்டியிருந்தது. இரண்டு வருடமாக வந்து போனவர்கள் சர்வரைத்தான் மாற்றி மாற்றி நோண்டியிருக்கிறார்கள். ஒருவர் ஆபரேட்டிங் சிஸ்டத்தையே புதிதாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிளக்கைப் பிடுங்கினால் சரியாகிறது என்று அட்டெண்டர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பழுது எங்கே என்பதில் பாதி அந்த ஒரு வரியிலேயே இருந்தது.

உங்கள் லேபிலும் இதே கதை என்றால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். வரிசையை மாற்றினால் நேரம் வீணாகும்.

பட்டனிலிருந்து லாகின் வரை என்ன நடக்கிறது

இதைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்ள வேண்டும். எந்த இடத்தில் நின்றுபோனது என்று தெரிந்தால்தானே எங்கே கை வைப்பது என்று தெரியும்.

தின் கிளையன்டில் பெரும்பாலும் பூட் ஆவதற்கென்று டிஸ்க் இருக்காது. பட்டனை அழுத்தியதும் பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்), லேன் சிப்புக்கான பிஎக்ஸ்இ நிரலை ஓட்டும். பிஎக்ஸ்இ என்பது நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆக இன்டெல் வகுத்த முறை. இன்றும் எல்லோரும் பின்பற்றும் 2.1 பதிப்பு 1999-இல் வந்தது. அந்த நிரல் “எனக்கு யாராவது ஐபி கொடுங்கள்” என்று நெட்வொர்க் முழுக்கக் கூவும். டிஹெச்சிபி சர்வர் அதை யுடிபி 67-ஆம் போர்ட்டில் கேட்டு, ஒரு ஐபி முகவரியையும் எந்தச் சர்வரில் எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்பதையும் திருப்பிச் சொல்லும். கிளையன்ட் அந்தக் கோப்பை டிஎஃப்டிபி வழியாக, 69-ஆம் போர்ட்டில் கேட்டு வாங்கும். பிறகு கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி), பிறகு என்எஃப்எஸ் போன்ற ஏதாவது ஒரு வழியில் முழு சிஸ்டமும் நெட்வொர்க்கிலிருந்தே வரும். கடைசியில் லாகின் திரை.

அந்தப் பள்ளியில் இருந்தது எல்டிஎஸ்பி. லினக்ஸில் தின் கிளையன்ட் லேப் போடுகிறவர்களுக்குப் பழகிய பெயர்தான், அதுவும் 1999-இல் தொடங்கியது. நீங்கள் வேறு எதை வைத்திருந்தாலும் முதல் மூன்று கட்டங்கள் ஒன்றுதான்.

ஆஃப் ஆன மெஷின் உண்மையில் ஆஃப் இல்லை

ஷட் டவுன் செய்த மெஷினுக்கு எஸ்5 நிலை என்று பெயர். பிராசசர், மெமரி, ஃபேன் எல்லாம் நின்றிருக்கும். ஆனால் பிளக் மாட்டியிருக்கும் வரை போர்டுக்குள் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் மெஷின் எழுவதே அதனால்தான். அந்த மின்சாரத்தில் லேன் சிப்பும் உயிரோடு இருக்கும். தூரத்திலிருந்து நெட்வொர்க் வழியாக மெஷினை எழுப்பும் ‘வேக் ஆன் லேன்’ வசதிக்காக அந்த ஏற்பாடு.

இப்போது சிக்கல். ஷட் டவுன் ஆகும்போது லேன் டிரைவர் சிப்புக்குக் கடைசியாக ஒரு கட்டளை கொடுத்துவிட்டுப் போகும்: “வேகத்தைக் குறைத்துக்கொண்டு எழுப்பும் செய்திக்குக் காத்திரு” என்றோ, “முழுசாகத் தூங்கு” என்றோ. மின்சாரம் இருக்கும் வரை சிப் அந்த நிலையிலேயே கிடக்கும். மறுநாள் காலை பிஎக்ஸ்இ நிரல், சிப் புதிதாகக் கரண்ட் வந்த நிலையில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வேலையைத் தொடங்கும். சில சிப்புகளில், சில பயாஸ் பதிப்புகளில், முந்தைய கட்டளையை அழித்துச் சிப்பை எழுப்ப அந்த நிரலுக்குத் தெரியாது. லிங்க் (கேபிளின் இரு முனைக்கும் இடையிலான தொடர்பு) வராது, அல்லது லிங்க் வந்தும் பாக்கெட் போகாது. பிளக்கைப் பிடுங்கினால் சிப்பின் நினைவு அழிந்துவிடும். அட்டெண்டர் அண்ணன் தினமும் 22 முறை செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

படி 1: மூன்று சோதனை, ஒரே மெஷினில்

பழுதான மெஷின்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம்.

முதலில் மெஷினை லாகின் வரை கொண்டுவந்து ரீஸ்டார்ட் கொடுங்கள். நெட்வொர்க்கில் பூட் ஆகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஷட் டவுன் கொடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து, பிளக்கைத் தொடாமல், பட்டனை அழுத்தி ஆன் செய்யுங்கள்.

மூன்றாவதாக ஷட் டவுன் கொடுத்து, பவர் வயரைப் பிடுங்கி 30 விநாடி விடுங்கள். வெளியே அடாப்டர் தொங்கும் மாடலாக இருந்தால் சுவரில் பிடுங்குவதைவிட மெஷினின் பின்பக்கம் செருகியிருக்கும் பின்னையே உருவிவிடுங்கள்; அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சிறிது நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிடுங்கிய நிலையில் பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால் மிச்சமும் வடிந்துவிடும். அப்புறம் மாட்டி ஆன் செய்யுங்கள்.

இரண்டாவதில் மட்டும் தோற்று, மற்ற இரண்டிலும் பூட் ஆனால், பழுது கிளையன்டிலேயே, லேன் சிப் தூங்கும் விதத்தில்தான் இருக்கிறது. சர்வரை மறந்துவிட்டுப் படி 4-க்குப் போகலாம். மூன்றிலும் தோற்றால் கேபிள், ஸ்விட்ச், டிஹெச்சிபி, சர்வர் இவற்றில் ஒன்று. ஒருநாள் வருகிறது, ஒருநாள் வரவில்லை என்றால் முதலில் ஸ்விட்சைச் சந்தேகியுங்கள்.

நான்காவதாக ஒரு வகை உண்டு, பலரும் இதைக் குழப்பிக்கொள்வார்கள். பிளக்கைப் பிடுங்கி மாட்டிய பிறகுதான் பூட் ஆகவில்லை, அல்லது நீண்ட விடுமுறை முடிந்து வந்தால்தான் ஆகவில்லை, மற்ற நாளெல்லாம் நன்றாக இருக்கிறது. இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். இதற்குக் காரணம் பெரும்பாலும் போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி. அது தீர்ந்துவிட்டால் மின்சாரம் போனதும் பயாஸ் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். நீங்கள் இயக்கி வைத்த நெட்வொர்க் பூட்டும் கூடவே போய்விடும். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் உறுதி. 3 வோல்ட் பேட்டரி அது, எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

படி 2: லேன் போர்ட்டின் விளக்கைப் பாருங்கள்

கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். ஆனால் மெஷினுக்குப் பின்னால் தலையை நுழைக்க வேண்டும்.

ஷட் டவுன் செய்தபின் ஒரு நிமிடம் பொறுத்து லேன் போர்ட்டைப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சிப் விழித்திருக்கிறது. அதே கேபிள் போய்ச் சேரும் ஸ்விட்ச் போர்ட்டையும் பாருங்கள். பல ஸ்விட்ச்களில் 1000 எம்பிபிஎஸ்ஸுக்குப் பச்சை, அதற்குக் குறைவான வேகத்துக்கு மஞ்சள் என்று நிறம் வேறாக இருக்கும் (எது எதற்கு என்று ஸ்விட்சின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள்). ஷட் டவுன் ஆனதும் நிறம் மாறினால், சிப் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிக் காத்திருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க டிரைவர் செய்யும் வேலை அது, தவறில்லை.

இப்போது ஆன் செய்யுங்கள். விளக்கு ஒருமுறை அணைந்து மறுபடி எரிய வேண்டும், நிறமும் பழையபடி மாற வேண்டும். ஏற்காட்டில் நான் பார்த்த 9-ஆம் நம்பர் மெஷினில் விளக்கு அணையவே இல்லை. திரையில் பிஎக்ஸ்இ எழுத்துகள் ஓடுகின்றன, பின்னால் மஞ்சள் விளக்கு முந்தைய நாள் மாலை எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிறது. அந்தக் கணத்தில் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

படி 3: திரையில் வரும் பிழை எண்

பழைய பயாஸ் முறையில் பிஎக்ஸ்இ தோற்கும்போது ஓர் எண்ணைக் காட்டிவிட்டுத்தான் போகும். கண் இமைப்பதற்குள் போய்விடும். போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள்.

ஈ61 என்றால் லிங்க்கே இல்லை, கேபிளைப் பார் என்கிறது. ஷட் டவுனுக்குப் பிறகு மட்டும் ஈ61 வந்து, பிளக்கைப் பிடுங்கினால் போய்விட்டால் கேபிளில் தப்பில்லை, சிப் எழவில்லை.

ஈ51 என்றால் கூவினேன், ஐபி கொடுக்க யாரும் வரவில்லை. சிப் தூக்கமும் இதற்குக் காரணம் ஆகலாம், ஸ்விட்சும் ஆகலாம், டிஹெச்சிபியும் ஆகலாம். அதிகம் அலைய வைக்கும் எண் இதுதான்.

ஈ53 என்றால் ஐபி கிடைத்தது, எந்தக் கோப்பு என்று யாரும் சொல்லவில்லை. லேபில் இரண்டாவதாக ஒரு டிஹெச்சிபி இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் யாரோ கொண்டுவந்து செருகிய இன்டர்நெட் மோடமாக இருக்கும்.

ஈ32 என்றால் ஐபி, கோப்பின் பெயர் இரண்டும் கிடைத்தும் டிஎஃப்டிபி சர்வர் பேசவில்லை. சர்வரில் அந்தச் சேவை ஓடுகிறதா, ஃபயர்வால் மறிக்கிறதா என்று பாருங்கள்.

யூஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த முறை) மெஷின்களில் இந்த எண்கள் சில சமயம் வேறு மாதிரி வரும், சில சமயம் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பூட் சாதனத்துக்குத் தாவிவிடும். அங்கே சர்வர் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும். படி 7-இல் சொல்கிறேன்.

படி 4: மெஷின் முழுசாக ஆஃப் ஆகிறதா?

இது ஒரு நிமிட வேலை, அதனால்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள். நெட்வொர்க்கிலிருந்தே மொத்த சிஸ்டமும் ஓடும் மெஷினில் ஷட் டவுன் என்பது கொஞ்சம் சிக்கலான காரியம். நெட்வொர்க்கை முதலில் நிறுத்திவிட்டால் மிச்சத்தை நிறுத்தத் தேவையான கோப்புகளே கைக்கு எட்டாது. கிளை மேல் உட்கார்ந்துகொண்டு கிளையை வெட்டிய கதைதான். திரை கறுப்பாகிவிடும், ஆனால் மெஷின் பாதி வழியில் தொங்கிக்கொண்டிருக்கும். காலையில் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அல்லது அந்த அழுத்தில்தான் ஆஃபே ஆகும்.

பவர் விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். மெஷினைத் தொட்டுப் பாருங்கள். மாலை ஆஃப் செய்தது காலையில் இளஞ்சூடாக இருந்தால் இரவெல்லாம் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் இமேஜில் (சர்வரிலிருந்து கிளையன்ட்களுக்குப் போகும் சிஸ்டத்தின் பிரதியில்) ஷட் டவுன் நடக்கும் வரிசையைச் சரிசெய்ய வேண்டும்: நெட்வொர்க்கை நிர்வகிக்கும் நிரல், பூட் ஆன அதே லேன் இணைப்பை நடுவில் கீழே இறக்காதபடி.

படி 5: பயாஸில் மாற்ற வேண்டியவை

பயாஸுக்குள் பவர் தொடர்பான பக்கத்துக்குப் போங்கள். ‘இஆர்பி’ என்று ஒரு செட்டிங் இருக்கும். கம்பெனிகளில் கணக்குப் பார்க்கும் இஆர்பி இல்லை இது. சாதனங்கள் சும்மா இருக்கும்போது தின்னும் மின்சாரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்தது. 2013-லிருந்து அந்த வரம்பு அரை வாட். அதற்குள் அடங்குவதற்காக, ஷட் டவுன் ஆனதும் லேன் சிப்புக்குப் போகும் மின்சாரத்தையே வெட்டிவிடும் வசதி இது.

நமக்கு வேண்டியது அதுதான். இதை இயக்கினால் ஒவ்வொரு ஷட் டவுனும் சிப்பைப் பொறுத்தவரை பிளக்கைப் பிடுங்கியதற்குச் சமம். எல்லாத் தயாரிப்பிலும் இதே பெயர் இருக்காது. ஹெச்பியில் ‘எஸ்5 மேக்சிமம் பவர் சேவிங்ஸ்’, டெல்லில் ‘டீப் ஸ்லீப் கன்ட்ரோல்’, லெனோவோவில் ‘என்ஹான்ஸ்டு பவர் சேவிங் மோட்’ என்று தேடுங்கள்.

ஒரு விலை உண்டு. இதை இயக்கினால் வேக் ஆன் லேன் வேலை செய்யாது. சர்வரிலிருந்தே எல்லா மெஷினையும் காலையில் எழுப்பும் ஏற்பாடு வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வராமல் படி 6-க்குப் போக வேண்டும். பள்ளி லேப், சின்ன அலுவலகம் என்றால் நான் யோசிக்காமல் இதையே செய்வேன்.

அதே பயாஸில் இன்னும் இரண்டு. ‘ஃபாஸ்ட் பூட்’ இருந்தால் நிறுத்துங்கள். பல போர்டுகளில் அது நேரத்தை மிச்சம் பிடிக்க நெட்வொர்க்கைத் தயார்செய்யும் வேலையையே விட்டுவிடும். பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருக்கட்டும். தயாரிப்பாளர் தளத்தில் புதிய பயாஸ் இருந்தால் போடலாம், இந்தப் பழுது அதிலேயே தீர்ந்ததும் உண்டு. ஆனால் யுபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட் செய்யாதீர்கள். இடி இடிக்கிற நாளில் மலையில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

படி 6: டிரைவர் கொடுக்கும் கடைசிக் கட்டளை

பயாஸில் அப்படி ஒரு செட்டிங்கே இல்லாத பழைய மெஷின்கள் நிறைய. அங்கே ஆபரேட்டிங் சிஸ்டம் பக்கம்தான் வழி.

லினக்ஸில் ‘ஈத்டூல்’ என்ற கருவி லேன் சிப்பின் வேக் ஆன் லேன் நிலையைக் காட்டும், மாற்றும். ‘டி’ என்றால் நிறுத்தப்பட்டிருக்கிறது. ‘ஜி’ என்றால் எழுப்பும் செய்திக்குக் காத்திருக்கிறது. கையால் ஒரு மெஷினில் மாற்றிவிட்டு ஷட் டவுன் செய்து ஆன் செய்து பாருங்கள்.

எதற்கு மாற்றுவது? இங்கே இரண்டு மாதிரியும் நடக்கும். சில சிப்புகளில் ‘ஜி’ இருந்தால் 10 எம்பிபிஎஸ்ஸில் மாட்டிக்கொண்டு எழாது. ‘டி’ ஆக்கினால் சரியாகும். சிலவற்றில் தலைகீழ்: ‘டி’ இருந்தால் டிரைவர் சிப்பை ஆழ்ந்த தூக்கத்துக்குத் தள்ளிவிடும், பிஎக்ஸ்இயால் எழுப்ப முடியாது, ‘ஜி’ ஆக்கினால் அரைத் தூக்கத்தில் இருந்து ஒழுங்காக எழும். ரியல்டெக் சிப்புகளில் இந்த இரண்டாவது வகையை அதிகம் எதிர்பார்க்கலாம். இரண்டையும் செய்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

சரியானது எது என்று தெரிந்ததும் அதை நிலையாக்க வேண்டும். கையால் கொடுத்தது அடுத்த பூட்டில் போய்விடும், தின் கிளையன்டில் எதுவும் சேமிப்பாகாது. எல்டிஎஸ்பியின் இப்போதைய பதிப்பில், கிளையன்ட்கள் பூட் ஆனதும் ஓட வேண்டிய கட்டளையை அதன் கான்ஃபிக் கோப்பில் ‘போஸ்ட் இனிட்’ வரியாக எழுதி, கெர்னலோடு சேர்ந்து வரும் தொடக்கக் கோப்பான இனிட்ஆர்டியைப் புதுப்பித்தால் போதும். ஈத்டூல் இமேஜுக்குள் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். லேன் இணைப்பின் பெயர் எல்லா மெஷினிலும் ஒன்றாக இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். பெயரை நேராக எழுதாமல், இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்படி எழுதுங்கள்.

அதிலும் வழிக்கு வராத ரியல்டெக் சிப் என்றால் டிரைவரை மாற்றிப் பார்க்கலாம். கெர்னலோடு வருவது ஆர்8169; தயாரிப்பாளர் தருவது ஆர்8168. ஒன்று செய்யும் சேட்டையை மற்றது செய்யாமல் இருக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் கெர்னல் மாறும்போதெல்லாம் ஆர்8168-ஐத் திரும்பக் கட்ட வேண்டும். எனக்கு அது கடைசி வழி.

அதே மெஷினில் விண்டோஸும் இருந்தால் இன்னொரு இடம் பாக்கி. டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டின் பண்புகளில் ‘ஷட் டவுன் வேக் ஆன் லேன்’ என்று ஒன்று இருக்கும். அது நிறுத்தப்பட்டிருந்தால் விண்டோஸ் போகும்போது சிப்பை மொத்தமாகத் தூங்க வைத்துவிட்டுப் போகும். இயக்கிவிடுங்கள். பவர் பக்கத்தில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பையும் நிறுத்துங்கள்.

படி 7: ஸ்விட்ச், டிஹெச்சிபி, சர்வர்

முதல் படியின் சோதனையில் பழுது கிளையன்டில் இல்லை என்று தெரிந்தவர்களுக்கு இது.

நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் என்றால் அதில் ஸ்பேனிங் ட்ரீ ஓடிக்கொண்டிருக்கும்; கேபிள்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டு நெட்வொர்க் முடங்காமல் காக்கும் முறை அது. பழைய முறையில் ஒரு போர்ட்டில் லிங்க் புதிதாக எழுந்ததும் 15 விநாடி கவனிக்கும், 15 விநாடி கற்கும், அதற்குப் பிறகுதான் பாக்கெட்டை விடும். அந்த 30 விநாடியும் கிளையன்ட் சுவரைப் பார்த்துக் கூவிக்கொண்டிருக்கும். பிஎக்ஸ்இ விதிப்படி 4, 8, 16, 32 விநாடி என்று காத்திருப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பொறுமை இல்லாத பயாஸ்கள் நடுவிலேயே விட்டுவிடும். முதல் டிஹெச்சிபி கிடைத்து, ஐபிஎக்ஸ்இ (பல லேப்களில் பிஎக்ஸ்இக்கு அடுத்து ஏற்றும் பூட் நிரல்) ஏறியபின் இரண்டாவது டிஹெச்சிபி மட்டும் தோற்கிறதா? ஐபிஎக்ஸ்இ லிங்க்கை ஒருமுறை அணைத்து எழுப்பியிருக்கும், ஸ்விட்ச் மறுபடி 30 விநாடியை முதலிலிருந்து எண்ணுகிறது.

கிளையன்ட் இருக்கும் போர்ட்களில் ‘போர்ட்ஃபாஸ்ட்’ அல்லது ‘எட்ஜ் போர்ட்’ என்பதை இயக்குங்கள். மின்சார மிச்சத்துக்கான ‘கிரீன் ஈத்தர்நெட்’ இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

ஸ்விட்சின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது என்பதுதான் பொதுவான நிலைமை. அப்போது பையில் இருக்கும் ஐந்து போர்ட் சாதா ஸ்விட்ச் ஒன்றைக் கிளையன்டுக்கும் பெரிய ஸ்விட்சுக்கும் நடுவில் செருகுங்கள். கிளையன்ட் எத்தனை முறை தூங்கி எழுந்தாலும் பெரிய ஸ்விட்சின் பக்கம் லிங்க் அறுபடாது. இப்போது பூட் ஆனால் பழுது ஸ்விட்சின் காத்திருப்பில், அல்லது இரண்டும் வேகம் பேசிக்கொள்ளும் விதத்தில். சில நூறு ரூபாய் சாமான் அது, எந்த வேலைக்குப் போனாலும் என் பையில் இருக்கும்.

அடுத்து சர்வர். வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் ‘டிசிபிடம்ப்’பை 67, 68 போர்ட்களுக்கு ஓடவிட்டு, பழுதான கிளையன்டை ஆன் செய்யுங்கள். அதன் மேக் முகவரியிலிருந்து (லேன் சிப்பில் பதிந்திருக்கும் அடையாள எண்) ஒரு பாக்கெட்கூட வரவில்லை என்றால் சத்தம் சர்வர் வரை வரவில்லை, கிளையன்டோ ஸ்விட்சோதான். கேட்டும் பதில் போகவில்லை என்றால் டிஹெச்சிபி. பதில் போயும் கிளையன்ட் அசையவில்லை என்றால் பதிலில் இருக்கும் கோப்பு தப்பு: யூஈஎஃப்ஐ மெஷினுக்குப் பழைய பயாஸ் கோப்பைக் கொடுத்திருப்பீர்கள், அல்லது கையொப்பமில்லாத கோப்பைத் தடுக்கும் செக்யூர் பூட் அதை மறுத்திருக்கும்.

டிஹெச்சிபியில் மறைவாக இருக்கும் பள்ளம் ஒன்று: பிஎக்ஸ்இ ஓர் அடையாளத்தைச் சொல்லி ஐபி வாங்கும், பிறகு எழும் லினக்ஸ் வேறோர் அடையாளத்தைச் சொல்லி இன்னொன்று வாங்கும். 22 மெஷினுக்கு 44 ஐபி. வாத்தியார்களின் போன்களும் அதே நெட்வொர்க்கில் இருந்தால் ஒதுக்கிய முகவரிகள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். உங்கள் டிஹெச்சிபி சர்வர் நிரல் டிஎன்எஸ்மாஸ்க் என்றால் அதில் கிளையன்ட் அடையாளத்தைப் புறக்கணிக்கும் செட்டிங் உண்டு. இல்லையென்றால் ஒவ்வொரு மேக் முகவரிக்கும் ஓர் ஐபியை நிலையாக எழுதிவிடுங்கள். 22 வரிதானே.

கரண்ட் போய் வந்தபின் மட்டும் எல்லாம் சேர்ந்து தோற்றால், சர்வர் எழுவதற்குள் கிளையன்ட்கள் கேட்டுக் களைத்துவிட்டன என்று பொருள். சர்வரையும் ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். மலையில் சித்திரை, வைகாசி இடி மழைக்கு இன்னொரு குணம் உண்டு: மின்னல் சில சமயம் லேன் போர்ட்டைப் பாதி மட்டும் கொல்லும். விளக்கு எரியும், பாக்கெட் போகாது. பிளக்கைப் பிடுங்கினாலும் மாறாது. அந்த மெஷினில் மேற்கொண்டு எதையும் சோதிக்காமல், அதே கேபிளை நன்றாக இருக்கும் ஒரு மெஷினில் செருகிப் பார்த்து முடிவு கட்டுங்கள்.

படி 8: சரியாகிவிட்டதா என்று எப்படி நம்புவது

மாற்றியதும் உடனே ஆஃப் செய்து ஆன் செய்து “ஆயிருச்சு” என்று கிளம்பாதீர்கள். நானே முதல் தடவை அப்படித்தான் கிளம்பினேன். மறுநாள் காலையிலேயே போன் வந்துவிட்டது. ஐந்து நிமிட ஷட் டவுனும் ஓர் இரவு ஷட் டவுனும் ஒன்றல்ல. ஓர் இரவு, அப்புறம் ஒரு வார இறுதி, அப்புறம் மெயின் சுவிட்சை அணைத்து ஒரு இரவு என்று மூன்றையும் தாண்ட வேண்டும். ஒவ்வொரு மெஷினின் நம்பர், மேக் முகவரி, பயாஸில் மாற்றியது, தோற்ற நாள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அந்த நோட்டின்படி ஏற்காட்டுக் கணக்கு இது. 14 மெஷினில் இஆர்பி செட்டிங்கை இயக்கினோம், முடிந்தது. 6 மெஷின் அந்த வசதியே இல்லாத பழைய மாடல், ரியல்டெக் சிப். ‘டி’யிலிருந்து ‘ஜி’க்கு மாற்றி இமேஜில் போட்டோம். மீதி இரண்டில் பேட்டரி போயிருந்தது. என்னைத் திரும்ப மலை ஏற வைத்தவை அவைதான், இஆர்பியை இயக்கிவிட்டு வந்தேன், இரவு மெயினை அணைத்ததும் அதை மறந்துவிட்டன.

அடுத்த திங்கள் ஒன்பதே காலுக்கு அட்டெண்டர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“இருபத்தோரு மெஷின் வந்துருச்சுங்க தம்பி. ஏழாம் நம்பர் மட்டும் வரலை. புடுங்கி மாட்டியும் பாத்துட்டேன்.”

“பின்னாடி லைட் எரியுதுங்களாண்ணா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மேசைக்கு அடியில் குனிகிறார் என்று தெரிந்தது.

“லைட்டு எங்கிருந்து எரியும், வயர எலி கடிச்சு வச்சிருக்கு.”